விசாரணைக்கு முன் தருவதாகச் சொன்ன பற்கள்

பல் வைத்தியனாக வேலை செய்த காலம் முழுவதும், நோயாளிகளுக்கு நாள் சொல்வதில் நான் நேர்மையாக இருக்கவில்லை. கட்டுப்பல் எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். "வாற கிழமை பாப்பம்" என்பேன். வராது என்று எனக்குத் தெரியும். எல்லாப் பல்லையும் கழற்றினால் முரசு, அதாவது ஈறு, ஆறி இறுகவே இரண்டு மூன்று மாதம் செல்லும். பிறகுதான் அச்செடுத்து, கொழும்புக்கு பஸ்ஸில் பார்சல் போட்டு, அங்கே பல் செய்கிறவர்கள் மெழுகில் அடுக்கி அனுப்பியதை வாயில் வைத்துப் பார்த்து, திருப்பி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் சொன்னால் ஆட்கள் வேறிடம் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சொல்லப் பஞ்சியாகவும் சோம்பலாகவும் இருந்தது.

கலியாண வீட்டுக்குப் பல் இல்லாமல் போனவர்கள் என்னை நன்றாக ஏசிவிட்டு மறந்தார்கள். குருநகர் அம்மாவுக்கு நான் செய்தது அப்படி மறக்கக்கூடியதல்ல.

அவர் சந்தையில் மீன் விற்றவர். அவருடைய மூத்த மகனைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர்களில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். கணவர் இறந்துவிட்டார். இளைய மகள் அந்த நேரம் கைக்குழந்தை. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து வரும் குழு, சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, முகம் வீங்கி, மகளோடு என்னிடம் வந்தார். வாயில் மிச்சமிருந்த சில பற்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவற்றை வைத்துக்கொண்டு தெளிவாகக் கதைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டினால், அங்கை போறதுக்கு முதல் பல்லுக் கட்டித் தருவியளோ டொக்டர்? ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நோவோடை இருக்க எனக்குப் பழக்கம்."

"ஓம் அம்மா, அதுக்கு முதல் தரலாம்" என்றேன்.

வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, மிக மோசமானதை மட்டும் கழற்றி, மற்றவற்றை விசாரணை முடியும்வரை விட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இங்கே அப்படியான விசாரணைகள் சொன்ன நாளில் நடப்பதில்லை. அவருடையதே முன்பும் தள்ளிப்போயிருந்தது. இதுவும் தள்ளிப்போகும், எனக்கு நேரம் கிடைக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர்களுடைய தாமதத்துக்குள் என்னுடைய தாமதத்தை ஒளிக்க நினைத்தேன். அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன்.

முரசு ஆற முன்னரே அவசரப்பட்டு அச்செடுத்தேன். மெழுகில் வந்தது பொருந்தவில்லை. திரும்ப அச்செடுத்து அனுப்பினேன். இடையில் நீண்ட விடுமுறை வந்தது. அவர் வந்து வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்றேன். அம்மா வீட்டில் தன்னை எதிரில் இருத்தி, சொல்லப்போகும் சாட்சியை விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறார் என்று மகள் சொன்னாள்.

விசாரணை சொன்ன நாளிலேயே நடந்தது.

அங்கே நடந்ததை மகள் வந்து சொன்னாள். தாய் பேசியதை, குழுவுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளரால் பிடிக்க முடியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். தாய்க்குப் பதற்றம் கூடியதும் இருந்த தெளிவும் போய்விட்டது. தலைவராக இருந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எழுதித் தரும்படி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா என்ன சொல்லுறா எண்டு என்னைக் கேட்டினம்" என்றாள் மகள். "நான் என்னத்தைச் சொல்ல? நான் சொன்னால் அது கண்ட சாட்சி ஆகுமே? அண்ணையின்ரை முகமே எனக்குப் படத்திலைதான் தெரியும்."

பல் வந்தபோது ஆளனுப்பினேன். வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். பல்லை வைத்துவிட்டு, பேச்சு சரிவருகிறதா என்று பார்க்க, எல்லோரிடமும் சொல்வதுபோல ஒன்று இரண்டு எண்ணச் சொன்னேன். அவர் எண்ணவில்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்து, என்னைப் பாராமல் சொல்லத் தொடங்கினார்.

"கரையிலை கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தவன். நீலச் சாரம் உடுத்திருந்தவன். மேலுக்கு ஒண்டுமில்லை. சேட்டாவது போட விடுங்கோ எண்டு கேட்டனான். நான் சேட்டு எடுக்க உள்ளை போய் வாறதுக்கிடையிலை வாகனத்திலை ஏத்திப் போட்டாங்கள். கதவைச் சாத்தினவனைக் காட்டச் சொன்னால் இண்டைக்கும் காட்டுவன்."

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. நான் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கேயாவது உராய்கிறதா என்றுதான் கேட்டேன்.

"இல்லை டொக்டர்" என்றார். "இப்ப நல்லா விளங்குதுதானே?"

"ஓம்" என்றேன்.

மகள் பிறகு எழுதிக் கொடுத்தாள். வேறு இடங்களுக்கும் அலைந்தாள். அந்தக் குழு திரும்ப வரவில்லை. அந்த அம்மாவை இன்றுவரை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.