கொஞ்சம் தப்பாச் சொல்லுங்க, சார்

சலவைத் தொழிற்சாலையில் எல்லோரும் அவரை இல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பள நாளன்று மட்டும் ஒருமுறை வாசிக்கப்படும். அப்போதும் பலர் யார் அது என்று திரும்பிப் பார்ப்பார்கள். யார் எதைச் சொன்னாலும் ‘இல்ல’ என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர் இது. “மழை வரும் போலிருக்கே” என்றால், “இல்ல, காத்து திரும்பிடுச்சு” என்பார். சரி, வராது என்று கிளம்பினால், “இல்ல, எதுக்கும் குடையை எடுத்துக்கிட்டுப் போங்க” என்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சிலருக்குத் தூசி பட்டால் தும்மல் வரும். இவருக்கு வாக்கியம் பட்டால் ‘இல்ல’ வரும்.

அவருக்கு நேர் எதிரே நின்று வேலை செய்தவர் சரிங்கண்ணன். எதைச் சொன்னாலும் “சரிங்க” என்பார். “உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு” என்றாலும் முதலில் “சரிங்க”தான் வரும். இந்த இருவரையும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நிறுத்தி, படுக்கை விரிப்பின் நாலு மூலையையும் பிடிக்கவைத்த சூப்பர்வைசரின் மூளையை என்னவென்று சொல்வது. ஆனால் விரிப்பு மட்டும் சுருக்கமில்லாமல் வந்தது.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அங்கே துணி வரும். வந்த சாக்குகளைப் பிரித்துப் போடுவது ஒரு கூடம், துவைப்பது ஒரு கூடம், தேய்ப்பது ஒரு கூடம். இல்லக்கா சாக்குப் பிரிக்கிற கூடத்தில் பல வருஷம் இருந்தவர். அந்தக் காலத்தில் எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும், மகள் அவர் கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றை வாங்குவாள். தேய்ப்புக் கூடத்துக்கு மாறிய பிறகுதான் அந்த முகர்தல் நின்றது. இப்போது அங்கே ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்குப் படுத்துக்கிடக்கும் சூடான உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம்போல வரும். அதை ஓட்டத் தெரிகிறதா என்று ஒரு சோதனை வைப்பார்கள். தேறினால் தேய்ப்புக் கூடம். தேறாவிட்டால் பழையபடி சாக்கு.

சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வந்தார். இளைஞர். கழுத்தில் டை கட்டியிருந்தார், தேய்ப்புக் கூடத்துச் சூட்டில் அதைக் கட்டிக்கொண்டு நின்றதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும். இயந்திரத்தைத் தொடவே விடவில்லை. “முதல்ல நீங்க எப்படிக் கத்துக்குறீங்கன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்” என்றார். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மனிதர்கள் மூன்று வகையாம்.

“மூக்கால கத்துக்குறவங்க உண்டா சார்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சாக்குக் கூடத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். இல்லக்காவிடம், “தெரியாத ஊர்ல ஒருத்தர் உங்களுக்கு வழி சொல்றாரு. என்ன பண்ணுவீங்க மேடம்?” என்றார்.

“நல்லாக் கேட்டுக்குவேன் சார். கேட்டுட்டு…”

“போதும்” என்றார். காது என்று குறித்துக்கொண்டார். கேட்டுவிட்டு என்ன செய்வார் என்பதையும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு ஆளுக்கொரு வண்ண வில்லையைச் சட்டையில் குத்திவிட்டார். கண்ணுக்குப் பச்சை, காதுக்கு மஞ்சள், கைக்குச் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் சிவப்பு என்றால் காய்ச்சல் வார்டுத் துணி, கையுறை போடாமல் தொடக்கூடாது. மஞ்சள் என்றால் கறை போகவில்லை, திரும்ப ஊறப்போடு. பச்சை என்றால் வண்டியில் ஏற்று. இது பயிற்சியாளருக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. சாப்பாட்டு வேளையில் சிவப்பு வில்லைக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பச்சைக்காரர்களிடம் “வண்டி வந்துடுச்சு, கிளம்பலையா?” என்று கேட்டார்கள். சிவப்பு வில்லையோடு வந்து பக்கத்தில் உட்காரப்போன சரிங்கண்ணனிடம் இல்லக்கா, “அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அந்தக் கோடியில உக்காருங்க” என்றார்.

“சரிங்க” என்று போய்விட்டார் அவர்.

காது என்று ஒரு படித்த மனுஷன் சொல்லிவிட்டாரே. அன்றிலிருந்து இல்லக்கா தன்னைத்தானே வேவு பார்க்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக ஒரு மூளையைக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறோம், அதன் வாசல் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் பார்க்கவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் போனில் பதிவுசெய்து, பாத்திரம் தேய்க்கும்போது போட்டுக் கேட்டார். முடிந்ததும் என்ன கேட்டோம் என்று யோசித்தார். பயிற்சியாளருக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

கண்ணாக இருக்குமோ என்று இயந்திரத்தின் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தார். படத்தில் எண்ணெய் தெறித்ததுதான் மிச்சம். கையாக இருக்குமோ என்று அட்டைப்பெட்டியில் பொத்தான்கள் வரைந்து அமுக்கிப் பார்த்தார். பெட்டி நசுங்கியது. தலைகீழாக நின்று பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை. மகள் வேண்டாம் என்றாள்.

“நீ ஸ்கூல்ல எப்படிம்மா படிச்ச?” என்று கேட்டாள் மகள். அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

அங்கேயும் இதே கதைதான். டீச்சர் விளக்கும்போது ஒன்றும் ஏறாது. பக்கத்தில் இருந்த பெண் தப்பும் தவறுமாக எழுதுவாள். அதை எட்டிப் பார்த்தால் மட்டும் எது சரி என்று பளிச்சென்று தெரிந்துவிடும். உடனே அவளிடம் சொல்லிவிடுவார். வகுப்பில் பேசுகிறாள் என்று பிரித்துத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதற்கப்புறம் இவருக்கு மார்க் இறங்கிப்போனது. தனியாக உட்கார்ந்தாலாவது உருப்படுவாள் என்று நினைத்திருந்த டீச்சருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. இல்லக்காவுக்கும்தான்.

இத்தனைக்கும் நடுவே கணவர் ஒருநாள் பயிற்சியாளர் கொடுத்த குறிப்புத்தாளை எடுத்து, “கொண்டா, நான் படிக்கிறேன், நீ கேளு” என்று உட்கார்ந்தார். அவர் பஸ் கண்டக்டர். நிறுத்தங்களை விழுங்கிப் பழகிய வாய், வரிகளையும் விழுங்கியது.

“சுவிட்சைப் போடவும். விரிப்பை உள்ளே கொடுக்கவும்.”

“இல்ல. சூடு ஏற வேணாமா? பச்சை விளக்கு எரியிற வரைக்கும் நிக்கணும். இல்லன்னா துணி உருளையில ஒட்டிக்கும்.”

“அப்படியா போட்டிருக்கு?” கணவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். “ஆமா, போட்டிருக்கு. சரி, அடுத்தது. விரிப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.”

“காய்ஞ்சா சுருக்கம் எப்படிங்க போகும்? ஈரமாத்தான் இருக்கணும். சொட்டக்கூடாது, அவ்வளவுதான்.”

“வேலை முடிந்ததும் உருளையை உடனே நிறுத்தவும்.”

“கெட்டுது போங்க. சூட்டோட நிறுத்தினா உருளைக்குச் சுத்தியிருக்கிற துணி கருகிடும். ஆறுற வரைக்கும் சும்மா சுத்தவிட்டுட்டுத்தான் நிறுத்தணும். நடுவுல ரெண்டு வரியை முழுங்கிட்டீங்க.”

“டிக்கெட் வாங்காத வரியா இருக்கும், இறக்கிவிட்டிருப்பேன்” என்றார் கணவர்.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். “அம்மா, எல்லாம் உனக்குத் தெரியுது.”

“இல்ல, எனக்கு ஒண்ணுமே…” என்று ஆரம்பித்த இல்லக்கா, அப்படியே நின்றுவிட்டார். வாழ்க்கையில் ஒரு ‘இல்ல’ பாதியில் நின்றது அநேகமாக அன்றுதான்.

“அப்பா, இன்னும் ரெண்டு தப்பாப் படிங்க” என்றாள் மகள். கணவர் இப்போது வேண்டுமென்றே படித்தார். விரிப்பை நடுவில் பிடிக்கவும். இல்ல, ரெண்டு மூலையிலும். கைக்கு முன்னாலுள்ள கம்பியைத் தொடக்கூடாது. இல்ல, கை உள்ளே போற மாதிரி இருந்தா அதைத் தொட்டாத்தான் உருளை நிக்கும். மூன்று பேரும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டார்கள். விஷயம் பிடிபட்டுவிட்டது. சரியாகச் சொன்னால் இந்த மூளை கதவைத் திறக்காது. தப்பாகச் சொன்னால் கம்பை எடுத்துக்கொண்டு தானே வெளியே ஓடிவரும்.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் சோதனையில் யார் தப்பாகச் சொல்வார்கள்? அங்கே இருப்பவர்களெல்லாம் சரியாகச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்.

சோதனையன்று முதலில் சரிங்கண்ணன். பயிற்சியாளர் சொல்லச் சொல்ல “சரிங்க, சரிங்க” என்று ஒவ்வொன்றாகச் செய்தார். பயிற்சியாளர் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தி மூக்கைச் சிந்தியபோது இவரும் நின்றுவிட்டார். பிறகு சரிங்கண்ணன் தானாக ஒரு வேகத்தை வைத்தார். கனத்த போர்வைக்கு வைக்க வேண்டிய மெதுவான வேகம். கையில் இருந்ததோ மெல்லிய விரிப்பு.

“இல்ல” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

“மேடம், பேசக்கூடாது.”

இல்லக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். சரிங்கண்ணனோ ‘இல்ல’ என்பதற்கும் “சரிங்க” என்று சொல்லி வேகத்தை மாற்றிவிட்டிருந்தார். அவர் தேறினார்.

அடுத்தது இல்லக்கா. பயிற்சியாளர் மஞ்சள் வில்லையைப் பார்த்தார். காதுக்காரருக்கு என்று தனி அக்கறையோடு தெளிவாக, மெதுவாகச் சொன்னார். “முதல்ல என்ன பண்ணணும், அடுத்தது என்ன, ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே செஞ்சு காட்டுங்க.”

மண்டைக்குள் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. உருளை பளபளவென்று படுத்திருந்தது. பக்கத்துக் கூடத்திலிருந்து சாக்கு அவிழ்க்கும் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. இல்லக்கா தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சார், ஒரு உதவி பண்ணுவீங்களா?”

“சொல்லுங்க.”

“கொஞ்சம் தப்பாச் சொல்லுங்க, சார்.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. “எதை?”

“எப்படி ஓட்டுறதுன்னு. தப்பாச் சொன்னீங்கன்னா நான் சரியாச் செஞ்சிடுவேன். நான் அப்படித்தான் கத்துக்குறேன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. நீங்கதானே சார் தெரிஞ்சுக்கச் சொன்னீங்க?”

இதற்கு அவரிடம் வண்ணம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் கோபப்படவில்லை. சிறுவன் ஒருவன் புதுப் பூச்சியைக் குனிந்து பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். “சரி, முயற்சி பண்றேன்” என்று தொண்டையைக் கனைத்தார். “முதல்ல சுவிட்சைப் போட்டு… பச்சை விளக்கு வர்ற வரைக்கும்… இல்லல்ல, அது சரியாச்சே.” மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சரியாகவே வந்தது. நெற்றி வியர்த்தது. “மன்னிக்கணும் மேடம், எனக்குத் தப்பா வர மாட்டேங்குது. ரொம்ப நாளா சரியாவே சொல்லிச் சொல்லி…”

“எனக்கு வரும்” என்று சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் வந்தார்.

இல்லக்காவிடம் தினமும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். வந்து இயந்திரத்தின் மேல் ஒரு கையை ஊன்றி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் தோரணையில் ஆரம்பித்தார். “இதுல என்னம்மா இருக்கு? சுவிட்சைப் போட்ட உடனே விரிப்பை உள்ள தள்ள வேண்டியதுதான்.”

“இல்ல. முதல்ல கையை எடுங்க, சுடப்போகுது.” இல்லக்கா சுவிட்சைப் போட்டார். “விளக்கு வரட்டும்.”

“நடுவுல பிடிச்சுக் கொடு.”

“நடுவுல பிடிச்சா கோணிக்கும். மூலை, மூலை.” விரிப்பு இரண்டு மூலையிலும் நின்று, கோட்டோடு கோடு சேர்ந்து உள்ளே போனது.

“மெல்லிசுத் துணிக்கு மெதுவா வை.”

“நீங்க வீட்டுல சட்டை தேய்ச்சதே இல்லையா சார்?” வேகம் ஏறியது. விரிப்பு அந்தப் பக்கம் அப்பளமாக வந்து விழுந்தது.

“அவ்வளவுதான், நிறுத்திடு, டீ குடிக்கப் போகலாம்.”

“நீங்க போங்க. இது ஆறட்டும், சுத்திக்கிட்டு இருக்கட்டும். இப்ப நிறுத்தினா கருகினதுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?”

பயிற்சியாளர் எதையும் குறிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். “தேறிட்டீங்க மேடம்” என்றார். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, “சார், நீங்க வேணும்னுதானே தப்பாச் சொன்னீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த இயந்திரத்தை அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. இன்றுவரை.

அன்று மாலை இல்லக்கா வீட்டுக்குப் போன வேகத்தில், தனக்குப் பலித்த வைத்தியத்தை மகளுக்கும் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு மறுநாள் பரீட்சை. “முக்கோணத்துக்கு நாலு பக்கம். தண்ணியை நெருப்புல வெச்சா ஐஸ் ஆகும். நிலாதான் சூரியனுக்கு வெளிச்சம் கொடுக்குது” என்று மளமளவென்று அடுக்கினார்.

மகள் தலையாட்டினாள். சண்டைக்கு வரவில்லை. இல்லக்கா குனிந்து பார்த்தார். நிலா சூரியனுக்கு வெளிச்சம் கொடுப்பதை அவள் எழுதியேவிட்டிருந்தாள்.

“அது தப்புடி.”

“நீதானே சொன்ன?”

“தப்புன்னு உனக்குத் தோணலையா?”

“நீ சொல்றப்போ எனக்கு எதுவுமே தோணாதும்மா.”

இல்லக்கா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப நீ எப்படித்தான் படிப்ப?”

மகள் யோசித்தாள். “தெரியல. யாரும் பக்கத்துல இல்லாதப்போ, எனக்கு நானே தப்புத் தப்பாச் சொல்லிப் பார்த்து, அப்புறம் மெதுவா சரியாகும்னு நினைக்கிறேன். நீ கொஞ்சம் வெளிய போறியா?”

இல்லக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினார். கையில் ஒரு ஈரத்துணி இருந்தது. உள்ளே மகள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். முதல் வரியே தப்பு. இரண்டாவது வரி அதைவிடத் தப்பு. இல்லக்காவின் வாய் தானாகத் திறந்தது. கணவர் அவரைப் பார்த்தார்.

இல்லக்கா அந்த ஈரத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.