இடைவேளை வரை பார்த்த துப்பறியும் படம்

பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு இடைவேளை விட்டார்கள். விளக்கு எரிந்ததும் நான் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தேன். அது கம்பெனிப் பழக்கம். பக்கத்தில் இருந்த மகளை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

அந்தப் படத்தின் பின்பாதியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. தியேட்டருக்குப் போய்ப் பார்க்கலாமா என்று அந்த வாரம் கேட்டவர்களுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. முன்பாதி நன்றாக இருக்கிறது, பாட்டுகள் குறைவு, மழையில் துரத்தும் காட்சியைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

என் கணவருக்கு நாங்கள் போவதில் விருப்பமில்லை. "பத்து நாள்ல சிடி வந்துரும். கொலகாரன் யாருன்னு தெரிஞ்சுக்கறதுக்கு அந்தக் கூட்டத்துல போயி இடிபடோணுமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். ஆனால் பத்து நாள் காத்திருக்க முடியாத இடத்தில் நான் வேலை செய்தேன். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து, அளவு, நிறம், தையல் பார்த்து, குறை இருந்தால் தள்ள வேண்டும். எங்கள் மேசைப் பெண் ஒருத்தி சனிக்கிழமையே எச்சரித்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழமையே பாத்துருங்கக்கா. திங்கக்கெழமை வந்தீங்கன்னா டீயோட சேத்துக் கொலகாரன் பேரும் வந்துருமுங்க."

அது உண்மை. பனியன் கம்பெனிகளை நம்பி ஓடும் ஊர் எங்களுடையது; ஊருக்கே ஞாயிறுதான் விடுமுறை. ஞாயிறு பார்க்காத துப்பறியும் படத்தைத் திங்களுக்கு மேல் பார்ப்பதில் அர்த்தமில்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது. நானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். அழைத்துப் போனேன்.

அவள் போட்டிருந்தது ஆரஞ்சு நிறப் பனியன், நெஞ்சில் வெள்ளைத் திமிங்கிலம். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் நிறம் ஒரு பிடி கூடிவிட்டதென்று சரக்கு முழுவதும் தள்ளப்பட்டது. தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சரக்கு, தள்ளிய பனியன்களை மலிவாக விற்கும் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போய், அந்தக் கோடையில் ஊரில் பாதிக் குழந்தைகளின் முதுகில் ஏறிவிட்டது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதையே போட்டு அழைத்துப் போனேன்.

படத்தில் ஒரு சாட்சி, மாடியிலிருந்து நீலப் பனியன் போட்ட ஒருவன் இறங்கி ஓடியதாகச் சொல்கிறாள். துப்பறிபவர் அதைக் குறித்துக்கொள்கிறார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "இங்க வந்து தேடிப் பாருங்க சார், லோடு லோடாப் புடிக்கலாம்." தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இடைவேளையில் மகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விட்டு, வராந்தாவில் ஒட்டியிருந்த பெரிய போஸ்டரின் கீழே நிற்க வைத்தேன். அங்கிருந்து நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பப்ஸ் வாங்க வரிசைக்குப் போனேன். வரிசை நீளம். மணி அடித்தது. கூட்டம் கதவுகளை நோக்கித் தள்ளியது. பப்ஸ் பொட்டலத்தோடு நான் திரும்பியபோது போஸ்டரின் கீழே ஆரஞ்சுப் பனியன் இருந்தது. கையைப் பிடித்து நடந்தேன்.

"நான் ஒங்க புள்ள இல்ல" என்றது அந்தப் பெண் குழந்தை.

குனிந்து பார்த்தேன். என் மகள் இல்லை. கையை விட்டுவிட்டு ஓடினேன். அந்தக் குழந்தை ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

கழிப்பறையில் இல்லை. எங்கள் இருக்கையில் இல்லை. வெளி கேட்டில், சைக்கிள் ஸ்டாண்டில் இல்லை. படம் மறுபடி தொடங்கியிருந்தது. டிக்கெட் கிழிப்பவர் என்னை நிறுத்தி அடையாளம் கேட்டார். ஆரஞ்சுப் பனியன், நெஞ்சில் திமிங்கிலம், இடது கை மடிப்பில் தையல் ஒரு நூல் விலகியிருக்கும் என்றேன்.

"பனியன் இருக்கட்டுமுங்க. பாப்பா எப்படி இருக்கும்? ஒத்தச் சடையா, ரெட்டச் சடையா?"

காலையில் நான்தான் பின்னிவிட்டேன். ஒற்றையா இரட்டையா என்று நினைவுக்கு வரவில்லை. என்ன செருப்பு என்பதும் வரவில்லை. கையில் பப்ஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் திரையில் சிலைடு போடச் சொன்னார். ஆரஞ்சுப் பனியன் அணிந்த சிறுமியைக் காணவில்லை, உடனே வாயிலுக்கு அழைத்து வரவும். வாசகத்தைச் சொன்னது நான். அப்போதும் பனியனைத்தான் சொன்னேன். யாரோ நல்ல மனதுக்காரர்கள் இரண்டு குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டின் பின்னாலும் அவற்றின் தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். என் மகள் வரவில்லை. மணி நான்கு இருபது.

மேனேஜர் போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். அப்போது டிக்கெட் கிழிப்பவர் போஸ்டர் பக்கம் கை காட்டினார். நான் கையை விட்ட குழந்தை அங்கேயே, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இந்தப் பாப்பா யாரோடதுங்க?"

"அம்மா இங்கனயே நிக்கச் சொன்னா" என்றது அது. தம்பியும் தங்கச்சியும் கூட வந்தார்கள், கூட்டத்தில் காணோம் என்றது. மூன்று பேருக்கும் இதே பனியன்தானாம்.

டிக்கெட் கிழிப்பவர் உள் கதவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க பாப்பா வெளிய இல்ல. இவங்கம்மா உள்ள இருக்குது, தேடிட்டு வரல. அப்பப் புள்ளைக எண்ணிக்கை அங்க சரியா இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?" டார்ச்சை எடுத்தார். "வெள்ளிக்கெழமைல இருந்து இந்தப் படத்தையே பாக்கறனுங்க. இதுகூடத் தெரியலீன்னா எப்படி?"

அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். என்னை வர வேண்டாம் என்றார். கதவு மூடும்போது உள்ளே யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள், படத்தில்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இப்போதும் தியேட்டரில் கதவு மூடும் சத்தம் கேட்டால் கை எதையாவது தேடுகிறது.

கதவு திறந்தது. முதலில் டார்ச் வெளிச்சம், பிறகு வரிசையாக நான்கு திமிங்கிலங்கள். மூன்றாவது என் மகள். ஒற்றைச் சடை. அவள் அழவில்லை. ஒரு கை சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்ததாகவும், அம்மாவிடம்தான் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்து இருட்டில் உட்கார்ந்திருந்ததாகவும், சிலைடை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எடுத்துவிட்டதாகவும் பிறகு சொன்னாள். அப்போது கேட்டது இதுதான்: "பப்ஸ் எங்கேம்மா?"

அவர்களுக்குப் பின்னால் அந்தத் தாய் வந்தாள். தெற்கிலிருந்து வந்து ஏதோ கம்பெனியில் டெய்லராக இருக்கிற பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். போஸ்டரின் கீழே நின்ற தன் மூத்த மகளை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தவள் போலக் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"எண்ணித்தாங்க்கா உள்ள இழுத்துட்டுப் போனேன்" என்றாள். "சிலைடு போட்டப்பவும் ஒருதடவ எண்ணுனேன். மூணு பனியன் இருந்துச்சு. மூஞ்சியப் பாக்கல."