இது ஹாலரன் கை இல்லை

லியோ ஸ்ட்ராக்கா எந்தப் பொருளையும் போலி என்று சொன்னதே கிடையாது. ஏமாற்று, டூப்ளிகேட் மாதிரி வார்த்தைகளும் அவர் வாயில் வராது. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுப்பார், பந்தைப் பெட்டிக்குள் வைத்து மூடுவார், பெட்டியை வந்தவர் பக்கம் தள்ளிவிட்டு "இது அவரு கை இல்ல" என்பார். கையெழுத்து என்று முழுதாகக்கூடச் சொல்ல மாட்டார். வெறும் கை. வந்தவர் அழுதாலும் சரி, அம்மாவைச் சேர்த்துத் திட்டினாலும் சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது.

என் கடையின் பின்பக்கத்தில், பதினொரு வருஷம், சனிக்கிழமை தவறாமல் அவர் உட்கார்ந்திருந்தார். உருக்காலை மூடிய பிறகு எங்கள் ஊரில் பிழைத்துக்கொண்ட சில கடைகளில் என்னுடையதும் ஒன்று. பேஸ்பால் அட்டைகள், பழைய மட்டைகள், கையெழுத்துப் போட்ட பந்துகள் விற்கிறேன். கையெழுத்து உண்மையா என்று தெரியாமல் இந்த வியாபாரத்தில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. உண்மை என்றால் ஆயிரம் டாலர், இல்லையென்றால் அது அழுக்குப் பந்து. லியோ முப்பத்தொரு வருஷம் வங்கியில் செக்குக் கையெழுத்துகளை ஒப்புப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. அவர் தாளில் ஒரு சீட்டு எழுதி முத்திரை வைத்துவிட்டால் நியூயார்க்கிலும் செல்லும்.

அதிலும் ரே ஹாலரன் விஷயத்தில் அவர் சொன்னதுதான் முடிவு. ஹாலரன் எங்கள் ஊர்ப் பிள்ளை. இடது கையால் பந்து எறிந்தவர். பெரிய லீகில் பதினொரு சீசன் ஆடிவிட்டு, 1971இல் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். லியோ பதினொரு வயதில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. முன்பக்கம் ஹாலரன் படம், அதன் குறுக்கே வலப்பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்து. அதைச் சட்டம் போட்டு என் கடை மேசையில் வைத்திருந்தார். பிற்பாடு ஊரில் அதே மாதிரி கடிதம் எழுதி அட்டை வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிப் போய், நாற்பத்தாறு கையெழுத்துகளைப் படமெடுத்து ஒரு கோப்பில் கோத்திருந்தார். எல்லாம் ஒரே சாய்வு, ஒரே சுழி. ஹாலரன் என்று எது வந்தாலும் அந்தக் கோப்போடுதான் ஒப்புப் பார்ப்பார்.

2008 பிப்ரவரியில் டெடி மஸ்காரோ வந்தார். அவருக்கு வலது கை மணிக்கட்டோடு கிடையாது. இருபத்திரண்டு வயதில் உருக்காலை உருளை கொண்டுபோனது. கல்யாணம் இல்லை, தங்கை லொரெய்ன் வீட்டு மாடியில் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருடைய ஒரே கதையும் தெரியும். கை போன நான்காம் நாள், அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்த ஹாலரன் விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பத்திரிகைக்காரன் கிடையாது, போட்டோ கிடையாது. ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் எல்லாத்தையும் இந்தக் கையாலதான் செய்யறேன் தம்பி, எழுதறதுகூட. பாரு" என்று இடது கையால் ஒரு பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை டெடி நர்ஸிடம் பென்சில் கேட்டாராம். இதை, ஊர்க்காரர்கள் பீர் குடிக்கக் கூடும் ஸ்லோவாக் கிளப்பில் நாற்பத்தேழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நானே ஐம்பது தடவை கேட்டிருப்பேன்.

பந்தை ஒரு துவைத்த சாக்ஸுக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"விக்கறதுக்கு இல்ல லியோ. கிளப் சுவத்துல ஹாலரனுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கறாங்களாம். உன் சீட்டு இல்லாம வால்ட் வாங்க மாட்டேங்கறான்."

வால்ட் நோவாக் கிளப்பில் பீர் ஊற்றுபவன். வாய் கொஞ்சம் நீளம்.

லியோ இருபது நிமிஷம் பார்த்தார். தையலைப் பார்த்தார், பந்தில் அச்சடித்திருந்த அந்தக் காலத்து லீக் தலைவர் பெயரைப் பார்த்தார், ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"பந்து சரி. அந்த வருஷத்துப் பந்துதான்."

டெடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனா இது அவரு கை இல்ல."

"என்னய்யா உளர்ற? நான் ஒரு முழ தூரத்துல படுத்துக்கிட்டுப் பாத்தேன். இடது கையை இப்படி வளைச்சு, கொக்கி மாதிரி வெச்சு எழுதினாரு."

"அதான் இடிக்குது டெடி. எழுத்து பின்னால சாயுது, கை மேல உரசி மை வேற இழுபட்டிருக்கு. இடது கைக்காரன் எழுதினதுதான். ஆனா ஹாலரன் எழுதறது வலது கையில."

"அவரு இடது கை பிட்சர்டா!"

"எறியறது வேற, எழுதறது வேற. அவரு எங்க பங்குப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. சிஸ்டர் பெனடிக்டா கிட்ட. நானும் அவங்க கிட்டதான் படிச்சேன்." லியோ தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். நடுவிரல் மூட்டு கோணலாக இருந்தது. "நான் எந்தக் கைக்காரன்னு நினைக்கற? ரூல்தடியால அடிச்சு அடிச்சு மாத்தினாங்க. அங்க இருந்து இடது கையால எழுதறவன் ஒருத்தன்கூட வெளிய வந்தது கிடையாது. இந்த ஊர்ல யாரை வேணாலும் கேளு."

உண்மைதான். என் பெரிய அண்ணன்கூட அப்படி மாற்றப்பட்டவன்தான். டெடியோ அரசுப் பள்ளியில் படித்தவர்.

அத்தோடு விட்டிருக்கலாம். லியோ அன்று வழக்கத்துக்கு மாறாக மேலே பேசினார். டெடி மனம் நோகக் கூடாது என்று நினைத்துத்தான் பேசினார்.

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. உனக்கு அப்ப மார்ஃபின் கொடுத்திருந்தாங்க, இல்லையா? யாரோ வந்திருப்பாங்க. நல்ல எண்ணத்துல வந்த யாரோ."

டெடி பந்தைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது. "கொடுத்தாங்க. ஊசி போட்டாங்க" என்றார். ஒற்றைக் கையால் பந்தைச் சாக்ஸுக்குள் திணிக்கச் சிரமப்பட்டார். நான் உதவப் போனேன், வேண்டாம் என்றார்.

அன்று எனக்கு லியோ மேல் மதிப்பு கூடியது. எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விஷயம் அந்த வாரமே கிளப்புக்குப் போய்விட்டது. தவக்காலம், வெள்ளிக்கிழமை கறி தின்னக் கூடாது என்பதால் மீன் வறுவலுக்கு ஊரே அங்கேதான் இருக்கும். டெடி உள்ளே வந்ததும் வால்ட் உரக்கக் கேட்டான்: "டேய் டெடி, ஆஸ்பத்திரிக்கு அன்னிக்கு யாருடா வந்தது? போப்பாண்டவரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அடுத்த வெள்ளி போப்பாண்டவருக்குப் பதில் ஜனாதிபதி, அதற்கடுத்த வெள்ளி கன்னி மரியாள். சுவரில், கையெழுத்தோடு தபாலில் வந்த ஹாலரன் அட்டை ஒன்றைச் சட்டம் போட்டு, லியோவின் சீட்டையும் கீழே ஒட்டி மாட்டினார்கள். டெடி அதன் அடியில் உட்கார்ந்து மீன் தின்றார். ஈஸ்டருக்குப் பிறகு வரவில்லை. நவம்பரில் மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சு அடைத்து இறந்துபோனார். சவ அடக்கத்துக்குப் பதினாலு பேர் வந்தோம்.

மறு வருஷம் மே மாதம் ஃப்ளோரிடாவில் ஹாலரனின் மனைவி இறந்து, வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. ஒரு வியாபாரி ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பழைய செக்குகளை வாங்கி, லியோ பார்க்க வேண்டும் என்று எனக்கு அனுப்பினான். ஹாலரன் எழுதிக் கொடுத்து, பணம் கைமாறிய பின் வங்கி திருப்பி அனுப்பிய செக்குகள். பெட்டியைக் கண்டதும் லியோவுக்கு வாயெல்லாம் பல்.

"இதைவிட நல்ல சாட்சி கிடையாது ஜினா. ரசிகனுக்குப் போடற கையெழுத்தை யார் வேணா போடலாம். தன் செக்குல எவனும் அடுத்தவனைக் கையெழுத்துப் போட விடமாட்டான்."

முதல் செக்கை எடுத்தார். கசாப்புக்கடைக்குப் பதினோரு டாலர். கீழே வைத்தார். அடுத்தது பல் டாக்டருக்கு. அப்புறம் கேஸ் கம்பெனிக்கு. பிறகு வேகமாகப் புரட்ட ஆரம்பித்தார், லென்ஸ்கூட வைக்கவில்லை. ஒரு கட்டத்தில் கை நின்றுவிட்டது.

"கதவைச் சாத்து" என்றார்.

நான் சாத்திவிட்டு வந்து பார்த்தேன். எனக்கே தெரிந்தது, இதற்கு நிபுணர் வேண்டியதில்லை. ஒவ்வொரு செக்கிலும் எழுத்து பின்னால் சாய்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் மை தேய்ந்து இழுபட்டிருந்தது. சாக்ஸுக்குள்ளிருந்து வந்த பந்தில் இருந்த அதே எழுத்து.

"அப்ப அட்டையெல்லாம்?"

"ஆபீஸ்ல எவனோ உக்காந்து போட்டு அனுப்பியிருக்கான். வலது கைக்காரன் ஒருத்தன். நாப்பத்தாறும் அவன்தான்." சட்டம் போட்ட தன் அஞ்சலட்டையைப் பார்த்தார். "இதோட நாப்பத்தேழு."

"ஆனா சிஸ்டர் பெனடிக்டா..."

"அவங்க மாத்தினாங்க. பள்ளிக்கூடத்தை விட்டதும் அவரு திரும்ப மாத்திக்கிட்டாரு." கோணல் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். "திரும்ப மாத்திக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல ஜினா. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட."

அன்று மாலையே லொரெய்ன் வீட்டுக்குப் போனோம். லியோ நாலு செக்குகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, உட்காராமலே சொல்லி முடித்தார். லொரெய்ன் மாடிக்குப் போய்ப் பந்தைக் கொண்டுவந்து செக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கையெழுத்து அப்படியே இருந்தது. அதன் கீழே நீலப் பால்பாயிண்ட் பேனாவால், அழுத்தி, டெடி தன் எழுத்தில் எழுதியிருந்தார்: இது ஹாலரன் கை இல்லை.

"ஈஸ்டருக்கு மறுநாள் எழுதினான்" என்றாள் லொரெய்ன். "நான் வேணாம்னு சொன்னேன். 'எனக்கப்புறம் நீ தெரியாம யாருக்காவது வித்துட்டா என்னைத்தானே ஏமாத்துக்காரன்னு சொல்வாங்க'ன்னான். சரி, அதைக்கூட விடு. கடைசில என்கிட்டயே கேக்க ஆரம்பிச்சுட்டான். 'லொரெய்ன், நெசமா அன்னிக்கு யாரு வந்தா? உனக்கு ஞாபகம் இருக்கா?' நான் அப்ப எட்டு வயசுப் பொண்ணு, என்னை எங்க உள்ள விட்டாங்க? 'எனக்குத் தெரியாதுண்ணே'ன்னு சொன்னேன்."

லியோ பந்தை எடுக்கப் போனார். அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதை அழிக்க முடியுமா?"

"முடியாது. தோல்ல இறங்கிடுச்சு. தேய்ச்சா ரெண்டும் போயிடும்."

"என்ன பெறும் இது?"

பதினொரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு லியோ தடுமாறி நான் பார்த்ததில்லை. "எழுதாம இருந்தா ரெண்டாயிரம் டாலர். அந்தக் கதையோட இன்னும் மேல. இப்ப... யாரும் வாங்க மாட்டாங்க."

"நான் விக்கறேன்னு யாரு சொன்னது? நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்." பந்தைச் சாக்ஸுக்குள் போட்டாள். அதே சாக்ஸ். "அவனைப் பாத்துச் சிரிச்சாங்களே, அங்க போய்ச் சொல்லு. எனக்கு உன் சீட்டு வேணாம்."

வெள்ளிக்கிழமை போனார். நானும் கூடப் போனேன். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. வால்ட் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "டெடி மஸ்காரோ சொன்னது உண்மை. ஆஸ்பத்திரிக்கு வந்தது ஹாலரன்தான். தப்பு என்னுது" என்றார்.

வால்ட் துணியால் தம்ளரைத் துடைத்துக்கொண்டே சுவரைக் காட்டினான். "அப்ப இது?"

"அது அவரு கை இல்ல."

"கீழ உன் சீட்டு ஒட்டியிருக்கேய்யா."

"ஆமா. கழட்டிடு."

"எதுக்கு? பாக்க நல்லாத்தானே இருக்கு." யாரோ சிரித்தார்கள். இன்னொரு மேசையிலிருந்து, "எந்த டெடி? கையில்லாதவனா? அவன் போன வருஷமே போயிட்டானே" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அட்டை இன்றைக்கும் அந்தச் சுவரில்தான் தொங்குகிறது.

அடுத்த நாள் கடைக்கு வந்து லென்ஸ், விளக்கு, முத்திரை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். கோப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டார். இனிமேல் வர மாட்டேன் என்றார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனமும் இல்லை, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமும் இல்லை.

மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், அவருடைய அஞ்சலட்டை மட்டும் சட்டமில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. மறந்துவிட்டாரோ என்று திருப்பினேன். ஹாலரன் படத்தின் மேல், அந்த அழகான கையெழுத்தின் கீழே, நீலப் பேனாவால் எழுதியிருந்தது. இடது கையால் எழுதியிருக்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து போலக் கோணல் மாணலாக, பின்னால் சாய்ந்து, மை இழுபட்டு: இது ஹாலரன் கை இல்லை.