இடக்கையால் இழுத்த பிரீம்

பாரிசவாதம் வந்து எட்டு மாதம் கழித்து, ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், நானும் மனைவியும் தூண்டிலோடு வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினோம். இருபது வருடம் சிட்னியில் பஸ் ஓட்டியவன் நான். இப்போது கார் ஓட்டவும் டாக்டர் அனுமதிக்கவில்லை. மனைவிக்கு நெடுஞ்சாலை என்றால் நடுக்கம். ஸ்ட்ரத்ஃபீல்டில் வடக்கே போகும் ரயிலுக்கு மாறி, ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் இறங்கினோம்.

ஜூனில் இங்கே குளிர் தொடங்கியதும் பிரீம் மீன்கள் முட்டையிடுவதற்காக ஆற்றின் மேற்பகுதியிலிருந்து கடல்வாயை நோக்கிக் கூட்டமாக இறங்கும். வருடத்திலேயே அவை நன்றாகக் கொழுத்திருக்கும் காலம் அது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு குளிர்காலத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

ஆனால் என் இடக்கைக்குப் பாதி உணர்வுதான் திரும்பியிருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் விரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். வலக்கையில் தூண்டிலைப் பிடித்து, இடக்கையால் ரீலைச் சுற்றுவதுதான் என் பழக்கம்.

“கைப்பிடியை மற்றப் பக்கம் மாத்தலாம்தானே?” என்று மனைவி கேட்டாள்.

மாற்றினால் தூண்டிலின் பாரம் முழுவதும் இடக்கைக்கு வந்துவிடும். அதற்கு அதில் பலம் இல்லை. “சுத்துற வேலையையாவது அது செய்யட்டும்” என்றேன்.

இறங்குதுறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மடக்குக் கதிரையில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த வலை. நாங்கள் சற்றுத் தள்ளி இடம் பிடித்தோம். மனைவி அதுவரை தூண்டில் முள்ளைத் தொட்டவள் அல்ல. அன்று என் கைக்காக அவளே இறாலைக் குத்தினாள்.

“கறி வைக்கவேண்டிய இறாலை மீனுக்குக் குடுக்கிறம்” என்று முறைப்பாடு வேறு.

முதல் மீன் கடித்தது. நான் சுற்றத் தொடங்குவதற்குள் கழன்று போனது. இரண்டாவது மீன் பாதித் தூரம் வந்தது. இடக்கை கைப்பிடியிலிருந்து வழுக்கி விழ, தூண்டில் நரம்பு தளர்ந்து, அதுவும் போய்விட்டது. மனைவி பொறுமையாக அடுத்த இறாலைக் குத்தினாள். அந்தப் பொறுமைதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. தூண்டிலை வாங்கி நானே தூர வீசினேன்.

சிறிது நேரத்தில் தூண்டில் முனை ஒரேயடியாக வளைந்தது. ரீல் கிரீச்சிட்டது. மீன் நேராகத் துறையின் தூண்களை நோக்கி ஓடியது. தூண்களில் சிப்பி அடர்ந்திருக்கும். நரம்பு அதில் ஒருமுறை உரசினால் அறுந்துவிடும். வேகமாகச் சுற்றியாகவேண்டும். நாலைந்து சுற்றில் கை மறுபடியும் வழுக்கியது.

“இஞ்ச தாங்கோ, நான் இழுக்கிறன்!”

“வேண்டாம். விடும்.”

“போகப்போகுது, தாங்கோ!”

“போனாப் போகட்டும். என்ர கையாலதான்!”

கத்திவிட்டேன். கிழவி திரும்பிப் பார்த்தார். மரத்துக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கைப்பிடியில் மடித்தேன். ஒரு சுற்று. இன்னொன்று. முழங்கையிலிருந்து தோள்வரை எரிந்தது. தூணுக்கு ஆறடி தள்ளி மீன் முதன்முறையாகத் திரும்பியது. பக்கம் சரிந்து வெள்ளியாய் மின்னியது. கிழவி வலையோடு எழுந்து வந்து, கடைசிவரை சுற்றும்படி ஆங்கிலத்தில் அதட்டினார். சுற்றினேன். வலை தண்ணீருக்குள் போய்ப் பாரத்தோடு மேலே வந்தது.

நாற்பத்தொரு சென்டிமீட்டர். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பிரீமை நான் பிடித்ததில்லை, இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்திலும். மனைவி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. பிறகு ஈரத்துணியால் மீனைப் பிடித்து வயிற்றைத் தடவினாள்.

“சினை நிறைஞ்சு கிடக்கு. என்ன செய்வம்?”

“விடுவம்.”

“கறித்தூள் எல்லாம் வறுத்து வச்சிட்டு வந்தனான்” என்றாள். ஆனாலும் மறுக்கவில்லை. “பொறுங்கோ, ஒரு படம் எடுப்பம். இல்லாட்டி ஒருத்தரும் நம்பாயினம்.”

படம் எடுத்ததும் மீனை நானே தண்ணீருக்குள் தாழ்த்தினேன். ஒருகணம் கைக்குள் நின்று மூச்சு வாங்கியது. பிறகு வாலால் ஓர் அடி அடித்துப் போனது.

ஒரு மணி நேரத்துக்குள் இன்னொன்றும் பிடித்தேன். முப்பது சென்டிமீட்டர். வயிற்றை அமுக்கியதும் வெள்ளையாகப் பால் கசிந்தது, ஆண் மீன். அது எங்கள் பெட்டிக்குள் ஐஸோடு போனது.

திரும்பும் ரயிலில் மனைவி மெல்பேர்னில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தாள். ரயில் பெட்டியிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அத்தான் மீன் பிடிச்சவர். இடக்கையாலதான்! ஓம், ஓம், ரெண்டு அடி இருக்கும்.”

நான் திருத்தவில்லை.