ஆறு வெற்றுக் கட்டங்கள்

நீல மையில் கோடு போட்ட ஒரு நீளத் தாள். இடப்பக்கம் ஆங்கிலத்தில் நூறு சொற்கள்: நான், நீ, கண், கை, தண்ணீர், நெருப்பு, கல், பேன். வலப்பக்கம் நூறு கட்டங்கள். அவற்றில் ஆறு வெறுமையாக இருந்தன. அவற்றை நிரப்பியவன் நான். எண்பது வயது தாண்டிய பிறகு இதை எழுதுகிறேன். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் பினாங்கில் ஒரு கப்பல் அலுவலகத்தில் கிராணி; எழுத்து வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ஆங்கிலப் படிப்பும் நல்ல கையெழுத்தும்தான் எங்கள் சொத்து. அந்தக் கையெழுத்துக்காகவே, பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் என்னை மாலை வேளைகளில் அழைத்துக்கொண்டார். பாப்புவாப் பெருந்தீவின் மொழிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, அவை எங்கிருந்து வந்தன என்று அறிவதில் அவர் முதுமை கழிந்தது. கரையோர மொழிகள் சில மலாய்க்கு உறவு. அவற்றை எளிதில் கண்டுகொள்ளலாம். மற்றவை மலாய்க்கும் உறவில்லை, பல சமயம் அடுத்த பள்ளத்தாக்குக்கும் உறவில்லை. அங்குள்ள மிஷன்கள் அனுப்பிய சொற்பட்டியல்களை அருகருகே வைத்து நான் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். "பண்டம் கைமாறினால் அதன் பெயரும் கைமாறும். கண்ணையும் நெருப்பையும் யாரும் கடன் வாங்குவதில்லை" என்பார். "தெரியாததை வெறுமையாக விடு. வெற்றிடமும் ஒரு செய்திதான்" என்றும் சொல்லியிருந்தார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை. அங்கே சமைக்கும் குசினிக்காரர் பாப்புவாக்காரர். கலியாணமான புதிதில், கடலட்டை பிடிக்க வந்த கப்பல் ஒன்று அவரை ஏற்றிப் போயிருந்தது. கப்பல் மாறி மாறி, இருபது வருடம் கழித்துப் பினாங்கில் நோயோடு இறங்கியவர். ஊர் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் ஊர் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. கறுப்பு மணல், ஓர் ஆற்றுக் கழிமுகம், பின்னால் மலை. அந்தத் தீவில் அப்படி எத்தனையோ இடங்கள். அவர் மொழி எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் எந்தக் கரை என்று தெரிந்துவிடும், அந்தக் கரையின் மிஷன் மூலம் அனுப்பிவைக்கலாம் என்றார் பாதிரியார்.

மதியக் கூட்டம் கலைந்ததும் தாளோடு போவேன். "வந்துட்டாருய்யா கிராணி! அவன் வைக்கிற மீன் தலைக் கறியப் பத்தி ரெண்டு வரி எழுதுனாலும் புண்ணியம். பேனுக்குப் பேரு எழுதி என்னா செய்யப் போறிய?" என்று ராவுத்தர் சீண்டுவார். நான் மலாயில் கேட்க, குசினிக்காரர் இஞ்சி நறுக்கியபடி ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்வார்.

தண்ணீர் என்றதும் வாயை மூடிக்கொண்டார். குடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"தா போலே, கிராணி. முடியாது. என் மாமனார் பேரு அதுக்குள்ள இருக்கு."

நெருப்பில் மாமியார், கல்லில் மைத்துனர். இப்படி ஆறு சொற்கள்.

"ஒன் மாமன் இருக்கானோ மவுத்தாயிட்டானோ, சொல்லித் தொலையேன்டா!" என்றார் ராவுத்தர்.

"ஊருக்குப் போய் அவர் முகத்துல முழிக்கணும்ல, முதலாளி" என்றார் குசினிக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா தன் ஆயுளில் அப்பாவின் பெயரை உச்சரித்ததில்லை. அதே பெயர் கொண்ட முருகனைக்கூடக் 'கோயிற்காரர்' என்றுதான் கும்பிட்டார். அதை மரியாதை என்று அறிந்தே வளர்ந்தேன். இவரிடம் அதையே கண்டபோது காட்டுப் பழக்கம் என்று நினைத்தேன்.

மிஷனுக்குக் கடிதம் கொண்டுபோகும் தபால் கப்பல் மறுநாள். அவர் தந்த சொற்களில் நாலைந்து, தென்கரைப் பட்டியல் ஒன்றோடு ஓரளவு ஒத்திருந்தன. மீதியும் ஒத்துத்தான் போகும் என்று, அந்தப் பட்டியலைப் பார்த்து ஆறு கட்டங்களையும் நிரப்பினேன். முழுத் தாளைக் கொடுத்துப் பாராட்டு வாங்கும் ஆசைதான். வேறு காரணம் இல்லை. நான் படித்து முடித்ததும் பாதிரியார் கண்ணைத் திறந்தார். "நாலைந்து சொல் என்றால் தற்செயல் என்பேன். தண்ணீரும் நெருப்பும் கல்லும் ஒத்தால் சந்தேகமே இல்லை. தென்கரை." நான் தாளை மடித்து உறையில் வைத்தேன்.

புறப்படும் நாளில் குசினிக்காரர் சலவைச் சட்டை போட்டிருந்தார். "போடா, போ. மாமியா வீட்டு விருந்துல எங்கள மறந்துடாத" என்று ராவுத்தர் ஒரு பொட்டலம் மசாலாவை அவர் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குசினிக்காரர் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம்.

இன்று அவர்கள் எவரும் இல்லை. பினாங்கிலேயே கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரனிடம் போன மாதம் அந்த மொழிகளைப் பற்றி விசாரித்தேன். "எல்லாத்தையும் வேற மாதிரி பிரிச்சிட்டாங்க, தாத்தா. அந்தக் காலத்து லிஸ்ட்டெல்லாம் இப்ப யாரும் நம்புறதில்ல லா" என்றான். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் ஒன்று சொல்ல மீதி இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்துத் தென்கரை மிஷனிலிருந்து கடிதம் வந்தது. பாதிரியார் முற்றிலும் பார்வை இழந்து படுக்கையில் இருந்தார். நான்தான் படித்தேன். நீங்கள் அனுப்பிய மனிதரின் பேச்சு இங்கே ஒருவருக்கும் புரியவில்லை; இது தன் ஊர் இல்லை என்று அழுதார், இப்போது பேசுவதே இல்லை; வடகரைக்காரராக இருக்கலாமோ, உங்கள் பட்டியலைச் சரிபார்த்து எழுதினால் அங்கே அனுப்பிவைக்கிறோம். அந்த வரிகளைத் தாண்டி, மழையையும் புதிய படகையும் பற்றிய வரிகளை மட்டும் உரக்கப் படித்தேன்.

"தன் ஆட்களைக் கண்டாரா?" என்றார் பாதிரியார்.

"கண்டார், ஐயா."

கொஞ்ச நேரம் சிரித்த முகமாகவே படுத்திருந்தார். பிறகு, மிகுந்த மகிழ்ச்சி என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் விரலை நான் பிடித்து வைத்த இடத்தில் கையொப்பமிட்டார். நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.

அங்கிருந்து மறு கடிதம் வரவில்லை.