பேச்சியம்மாள் பிடித்த வடம்

சீவலப்பேரி பேச்சியம்மாள் போன வியாழக்கிழமை காலமாகிவிட்டார். மாரடைப்பு. அன்று காலை அம்பாசமுத்திரத்தில் ஒரு வேப்பமரத்துக்குக் கொம்பு கழிக்கும் வேலை. வண்டி வழக்கம்போல அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஆரன் அடித்திருக்கிறது. ஆள் வரவில்லை. ஓட்டுநர் கணேசன் எனக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, வண்டியத் திருப்பிக் கொண்டாந்திரவா?" என்று கேட்டான். "ஏம்லே?" என்றேன். பிறகுதான் சொன்னான்.

அம்பாசமுத்திரத்துக்கும் ஏரலுக்கும் இடையில் ஆபத்தான மரத்தை இறக்க எங்களைக் கூப்பிட்டவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் தோல் உறை. பெயருக்கு ஏற்ற பேச்சு. வண்டி நின்றதும் வீட்டுக்காரரிடம் முதலில் டீ கேட்பார், பிறகுதான் மரத்தைப் பார்ப்பார்.

நான் சைக்கிளில் விறகு விற்றுத் தொடங்கியவன். விறகுக்கடை வைத்து, குட்டியானை வண்டி வாங்கி, மெஷின் ரம்பம் இரண்டு வாங்கி ஆள் வைத்து வேலை எடுத்தேன். வெட்டிய கொப்புகளை வண்டியில் ஏற்றும் கூலியாகத்தான் பேச்சியம்மாள் வந்தார். வடம் பிடிக்கிறவன் ஒருநாள் வராமல் போக, "இங்கன தாங்க" என்று வாங்கினார். அதற்குப் பிறகு அதை அவர் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை.

வடம் பிடிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஏறுகிறவர் கிளையில் வடத்தைக் கட்டி, அதற்கும் மேலே கிளை பிரியும் ஒரு கவையில் போட்டுக் கீழே விடுவார். கீழே இருப்பவர் அதை ஒரு அடிமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொள்வார். கிளை அறுபட்டதும் அதன் பாரம் முழுக்க வடத்துக்கு வரும். பைய விட்டுத் தரையில் இறக்க வேண்டும். விட்டது கூடினால் வீடு போகும், பிடித்தது கூடினால் கை போகும்.

எங்கள் தொழிலில் மட்டும் நடக்கிற முட்டாள்தனம் ஒன்று உண்டு. வெயிலுக்குப் பயந்து, வெட்டப் போகிற மரத்தின் நிழலிலேயே வண்டியை நிறுத்துவது. கணேசன் இதில் கெட்டிக்காரன், பேச்சியம்மாள் விடமாட்டார்.

"லே கணேசா, இன்னும் அரை மணியில அந்த நிழலே உன் வண்டி மேல வந்து உக்காரும். எடுலே."

"சீட்டு சுடுதுக்கா."

"சுட்டா நின்னுக்கிட்டு ஓட்டு."

அவர் முழு உயரத்துக்கு நிமிர்ந்தது ஏரலில்தான். ஓர் ஐப்பசி மழையில் அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் வேர் தூக்கி, சாகுல் பாயின் ரொட்டிக்கடைத் தகரக்கூரையைத் தொடாமல் அதன் மேல் சாய்ந்து நின்றது. கிரேன் அந்தச் சந்துக்குள் திரும்பாது. இரண்டு கோஷ்டிகள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. போதாததற்குப் பாய், "கல்யாண ஆர்டர் இருக்கு, அடுப்ப அணைக்க மாட்டேன்" என்று நின்றார்.

பேச்சியம்மாள் மரத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைக்குள் போய்க் கூரையை உள்ளேயிருந்து பார்த்தார். ஒரு பன்னைத் தின்றுகொண்டே வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தகரம் நெளியாம இறக்கித் தாரேன். நெளிஞ்சா எனக்குக் கூலி வேண்டாம், புதுத் தகரமும் நானே போட்டுத் தாரேன். நெளியலன்னா இனிமே எனக்குக் கூலிப் பேச்சே கெடையாது. பங்கு."

"பங்கு குடுத்தா நான் என்னத்தத் திங்க?"

"நீங்க இப்பத் திங்குததுல கொறச்சுத் தின்னாப் போதும்."

பாய் சிரித்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கூரை தப்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் ஒத்துக்கொண்டேன். அவருக்கோ அது விளையாட்டில்லை. நெளிந்திருந்தால் தகரம் வாங்க அவர் காதுக் கம்மலைத்தான் கழற்றியிருக்க வேண்டும்.

வடத்தை வண்டியில் கட்டலாம் என்றான் கணேசன். "வண்டி உருளும், வேம்பு உருளாது" என்று சொல்லி, கடை முற்றத்து வேப்பமரத்தில் பேச்சியம்மாள் மூன்று சுற்றுச் சுற்றினார். அவர் கொழுந்தன் முத்தையா மேலே ஏறினார். மதியத்துக்குள் சின்னக் கிளைகள் எல்லாம் இறங்கிவிட்டன. கடைசியாகப் புகைக்குழாய்க்கு நேர் மேலே, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு கொம்பு நின்றது. மேற்கே வானம் கறுத்துவிட்டது.

"அறுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, மழை வந்தா நாளைக்கும் இழுக்கும்" என்றார் பாய். நான் மேலே பார்த்துக் கையைக் காட்டினேன். மெஷின் உறுமியது.

"நிறுத்து" என்றார் பேச்சியம்மாள்.

மெஷின் அணைந்தது. கூலி கொடுக்கிறவன் நான், முத்தையா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வடம் மேலே ஒடிந்த குச்சி ஒன்றில் மாட்டியிருந்தது. அது கீழே யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அவர் கைக்குத் தெரிந்திருந்தது. முத்தையா வடத்தை எடுத்து மாற்றிப் போட்டார்.

அடுத்து அறுத்ததும் கொம்பு ஒரு முழம் விழுந்து, வடம் அதைப் பிடித்தது. வேப்பமரம் ஒரு குலுங்கு குலுங்கியது. பேச்சியம்மாள் வேரில் காலை ஊன்றிச் சாண் சாணாக விட்டார். "பைய, பைய" என்று கொம்புக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது. புகைக்குழாயை ஒட்டி, புகைக்குள்ளேயே இறங்கி, இலைகள் வாடிய வாசத்தோடு முற்றத்தில் வந்து படுத்தது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்போதுதான் வெளியே வந்து, "எப்பம் வெட்டப் போறிய?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. எதிர் மாடியிலிருந்து விசில் பறந்தது. பாய் ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்து வைத்தார்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. தோல் உறையைக் கழற்றி உதறினார். "அண்ணாச்சி, தகரத்த ஏறிப் பாத்துக்கிடுங்க. பெறவு பேச்சு மாறக் கூடாது." ஏறிப் பார்த்தேன். மழை தட்டிய பள்ளம்கூட இல்லை.

அன்றிலிருந்து கடைசி நாள்வரை அவர் என் பங்காளி. வண்டிக் கதவில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரும் வந்தது. என் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. பெயிண்டருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. நான் தனியாகத் தின்ற காலத்தைவிட அவரோடு பங்கு வைத்துத் தின்ற காலத்தில்தான் எனக்கு மிச்சம் அதிகம். 'பேச்சியம்மா வருவாங்களா' என்று கேட்டுத்தான் பாதிப் பேர் வேலை கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் சீவலப்பேரிக்குப் போயிருந்தேன். அவர் மருமகள் செல்வி பல வருஷமாக அவர் பின்னால் நின்று வடத்தின் வால் பிடித்தவர். உறவுக்காரர்கள் நடுவில் என்னிடம் கேட்டார்.

"அத்தை பேசுன பேச்சு அத்தையோட போயிருச்சா அண்ணாச்சி?"

"போகல."

"அப்பம் எல்லாரும் கேக்கும்படியா சொல்லுங்க."

இந்தப் பிள்ளையிடமும் கறாருக்குக் குறைவில்லை என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பேச்சியம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பேச்சைத்தான். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். வருகிற வரும்படியில் வண்டிக்கும் மெஷினுக்குமாக எனக்கு ஒரு பங்கு, மரம் ஏறுகிற முத்தையாவுக்கு ஒரு பங்கு, வடம் பிடிக்கிற செல்விக்கு ஒரு பங்கு. டீசலும் கணேசன் சம்பளமும் என் பங்கில். வடம் பிடிக்கிறவர் நிறுத்து என்றால் மெஷின் நிற்கும். அறு என்று சொல்ல எனக்கும் உரிமை இல்லை, மரத்துக்காரருக்கும் இல்லை.