சம்பந்தி வீட்டுக்குப் போன லொறி

நானும் என் கணவரும் சந்தித்தது இத்தாலியில். மிலானோவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் அவர் இருந்தார். நான் இலங்கையில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவர் சிங்களவர், ராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் வழியில், வயல் சூழ்ந்த ஒரு கிராமம் அவருக்கு. வானம் தெளிந்த நாளில் எங்கள் தேயிலை மேட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கு தெரியும். ஆனால் அங்கே எனக்கு ஒரு சிநேகிதிகூட இருந்ததில்லை.

மிலானோவிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இரண்டு வீட்டிலும் யாரும் சண்டை போடவில்லை. மனம் விட்டு வாழ்த்தவும் இல்லை. பிறகு ஒரு சித்திரையில் லீவு கிடைத்து ஊருக்குப் புறப்பட்டபோதுதான் சிக்கல் புரிந்தது. தீபாவளி, வெசாக் என்றால் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். புத்தாண்டு இருவருக்கும் ஒரே நாள்.

அவர்கள் வீட்டில் நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டி, நல்ல நேரத்தில்தான் முதல் சோறு உண்பார்கள். எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போய்வந்து சாப்பிடுவதுதான். அதனால் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்: "முதல் சாப்பாட்ட அவங்க வீட்ல முடிச்சிட்டு மத்தியானம் அங்க வந்துர்றோம்மா."

"வாங்க. சோறு ஆக்கி வைக்கிறேன்" என்றாள். குரலில் எதுவும் தெரியவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

புத்தாண்டு காலை நன்றாகத்தான் போனது. மாமியார் பாற்சோற்றைத் துண்டு போட்டு ஒவ்வொருவருக்கும் தன் கையால் ஊட்டினார். என்னிடம் வந்ததும் "துவ" என்றார். மகளே என்று அர்த்தம். நான் வாயைத் திறந்தேன்.

எங்களை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்ன ஓட்டோக்காரர் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. டிரைவர், கண்டக்டர் எல்லோரும் அவரவர் வீட்டில். ரோட்டில் ஒரு பஸ் இல்லை. முற்றத்தில் மாமனாரின் மரக்கறி லொறி மட்டும் கழுவித் துடைத்து நின்றது.

என் கணவர் அதைப் பார்த்தார். மாமனார் அவரைப் பார்க்காமலே, "தொழிலுக்குக் கிளம்புற நல்ல நேரம் இன்னும் வரல. அதுக்கு முன்னால நான் ஒரு வருஷமும் லொறிய எடுத்ததில்ல" என்றார்.

கேட்க எனக்குத் தயக்கம். ஊரில் நான் புது மருமகள். அம்மா சட்டிகளை மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள் என்று மட்டும் நினைத்தேன். கண் கலங்கியதை மாமியார் பார்த்திருக்க வேண்டும். பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு மாமனாரிடம் கேட்டார்.

"சம்பந்தி வீட்டுக்குப் போறது தொழிலா?"

மாமனார் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மாமியாரும் வாழைச்சீப்பும் பாற்சோறுமாக ஏறிக்கொண்டார். அவர் வருவார் என்று நான் நினைக்கவேயில்லை.

மலையேற ஏற மூட்டம் கட்டியது. தோட்டத்து முச்சந்தியில் குடையோடு ஒருவர் நின்றிருந்தார். என் அப்பா. மரக்கறி லொறியில் நாங்கள் வருவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்களைத் தாண்டி, பின்னால் ஏதும் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை நீட்டி "அப்பா" என்று கத்தியதும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் பேச்சு சிக்கலில்லாமல் ஓடியது. அப்பாவுக்குச் சிங்களம் வரும். இந்த மழைக்கு லீக்ஸ் தாங்குமா என்று தொடங்கி, லயத்துப் பின்பக்கத் தோட்டத்துக்கே போய்விட்டார்கள். அம்மாவுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் மொழி. மாமியாருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. அம்மா பக்கத்து வீட்டுக் காம்பராவில் கேட்டு வாங்கிப் போட்டிருந்த நாற்காலிகளை விட்டுவிட்டு, மாமியார் நேராக அடுப்படிக்குள் போனார்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று நான் அம்மாவைக் கேட்டேன்.

"அப்பவே சாப்பிட்டாச்சு." சோற்றுச் சட்டி நிறைந்திருந்தது.

சொன்னது விளங்கியதோ, சட்டியைப் பார்த்தாரோ, மாமியார் பாற்சோற்றில் ஒரு துண்டை எடுத்து அம்மாவின் வாயருகே நீட்டினார். அம்மா சற்றுப் பின்னால் சாய்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். மாமியாரின் கை கொஞ்சம் தயங்கி, பிறகு அதைக் கையிலேயே வைத்தது. அம்மா தின்றுவிட்டு, எதுவும் நடக்காதது போல் வாழையிலை விரித்தாள். மாமனாரும் மாமியாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள்; நாங்கள் அன்றிரவு தங்கினோம். எனக்கு மட்டும் மனம் சரியில்லை.

பாத்திரம் கழுவும்போது கேட்டேவிட்டேன். "அவங்க கையால ஊட்ட வந்தாங்க. வாயத் தொறந்தா என்னம்மா?"

அம்மா சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வெக்கமா இருந்துச்சுடி. வெவரந் தெரிஞ்சதுல இருந்து எனக்கு யாரும் ஊட்டுனதில்ல. எப்படி வாயத் தொறக்குறதுன்னே தெரியல."

அவள் மறுத்தாள் என்று மத்தியானத்திலிருந்து நான் கோபத்தில் இருந்தேன். பின்னேரம் முழுக்க மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா கழுவிய சட்டியை என்னிடம் நீட்டினாள். துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தம்மா காரம் கம்மியாத்தான் சாப்பிடுறாங்க" என்றாள் அம்மா. "அடுத்த தடவ தனியா ஆக்கணும்."